சாச்சி விழுந்த சேதி

அந்தச் சேதியை நாகூரிலிருந்து வந்திருந்த ஒரு கல்யாணச் சமையல்காரர் கொண்டுவந்தார். கையில் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, கிணற்று மேட்டில் மூச்சிரைக்க நின்று, "சாச்சி விழுந்துட்டாங்க, ஒடனே வரச் சொன்னாங்க" என்றார். நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அந்த வாக்கியத்தை இப்போதும் ஒரு தடவை நிறுத்தித்தான் எழுதுகிறேன். அதில் ஒரே ஒரு விகுதிதான் பிசகு.

அப்போதும் நான் அரசலாற்றுக் கரையில் இந்தப் புதுப் பாலத்து வேலையில்தான் இருந்தேன். எங்களுடையது போலகத்தில் மண் வெட்டிப் பிழைக்கிற குடும்பம். அப்பா குளம் தூர் வாரப் போவார், பிறகு அண்ணனும் போனான். வீட்டில் பள்ளிக்கூடத்து வாசற்படி மிதித்தவன் நான் ஒருவன்தான். காரைக்காலில் பிரெஞ்சுப் படிப்பு. நான் படித்து முடிப்பதற்கும் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறுவதற்கும் சரியாக இருந்தது. இனி எல்லாம் இங்கிலீஷ் என்று சொல்லிவிட்டார்கள். "எந்தத் தொரைக்காகப் படிச்சியோ அந்தத் தொர கப்பலேறிட்டான்" என்று அண்ணன் கேலி செய்வான். கேலிதான். என் படிப்புக்காகத் தன் படிப்பை விட்டவன் அவன். அன்றிலிருந்து என்னைத் தொரை என்றே கூப்பிட்டான்.

பாலத்துக்குக் கால் நிறுத்துவதற்குக் கிணறு இறக்குவது என்று ஒரு முறை உண்டு. தண்ணீருக்காக வெட்டுகிற கிணறு இல்லை. கரையில் ஓர் இரும்பு வளையத்தைத் தரையோடு வைத்து, அதன்மேல் செங்கல்லும் சிமிட்டியுமாக வட்டச் சுவர் எழுப்புவார்கள். உள்ளே மண்ணை அள்ள அள்ள, சுவர் தன் பாரத்தாலேயே பூமிக்குள் இறங்கும். இறங்கிய அளவுக்கு மேலே மறுபடி கட்டுவார்கள். கெட்டி மண் தட்டுப்படும் வரைக்கும் இப்படியே போக வேண்டும். எங்கள் பக்கத்தில் கெட்டி மண் எங்கே இருக்கிறது? மேலே வண்டல், அதன்கீழ் களி, களிக்குக் கீழே மாவு மாதிரிப் பொடி மணல். அந்த மணல் முழுக்கத் தண்ணீர். கிணற்றுக்குள் தண்ணீர் குறைந்து வெளியே ஆற்றில் உயரமாக நின்றால், வெளித் தண்ணீர் அடி வழியாக உள்ளே முட்டும். முட்டும்போது மணலையும் தூக்கிக்கொண்டு வரும். உள்ளே வந்த மணல் எங்கிருந்தோ வந்ததுதானே? சுற்றியிருக்கிற தரை அந்த அளவுக்குப் பள்ளமாகும். இதை "மணல் பொங்குறது" என்பார்கள். அதனால் கிணற்றில் எப்போதும் தண்ணீர் நிறைந்தே இருக்கும். ஆட்கள் முங்கி முங்கித்தான் மண் அள்ளுவார்கள். அண்ணன் அந்தக் கோஷ்டியில் இருந்தான்.

என்னை வேலைக்கு எடுத்தவர் பிரெஞ்சுக் காலத்திலிருந்தே மதகும் பாலமும் கட்டிவந்த மேற்பார்வைக்காரர். மாதாகோவில் தெருக்காரர். எல்லாரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றே கூப்பிட்டார்கள், ஆகவே நானும். எனக்குக் கொடுத்த வேலை, மண் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது. கிணற்றுச் சுவர் சாய்கிறதா என்று தூக்குக் குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் அந்த வீடு.

கிணற்றிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், ஆற்றைப் பார்த்த மாதிரி நீளமான ஓட்டு வீடு ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் சைகோனில் வியாபாரம் செய்தார். வீட்டில் அவருடைய மனைவி, கல்யாணத்துக்கு நாள் குறித்த மகள், செத்துப்போன தம்பியின் மனைவி, ஆக மூன்று பெண்கள். அந்தத் தம்பி மனைவியைத்தான் கல்யாணப் பெண் 'சாச்சி' என்று கூப்பிட்டது. சிற்றன்னை முறைக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அதுதான் சொல். பெண்ணைக் கேட்டுத் தெருவும், தெருவைக் கேட்டு எங்கள் கோஷ்டியும் அவரைச் சாச்சி என்றே சொல்லப் பழகிவிட்டோம். கனத்த உடம்பு, கனத்த குரல். முங்கி எழுந்து குளிரில் நடுங்குகிற ஆட்களுக்குத் தினம் ஒரு தூக்கில் தேத்தண்ணீர் வரும். சில நாள் இறால் வைத்துப் பொரித்த வாடாவும் வரும். அவருக்கு அந்த வீட்டில் பாத்தியம் ஆற்றுப்பக்கத்து இரண்டு அறைகள்தான். புருஷன் விட்டுப்போன பங்கு. வேறு ஒரு குழி நிலம்கூட அவருக்கு இல்லை. கிணறு இருந்ததும் அந்தப் பக்கம்தான்.

ஆகவே நான் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தேன். மண் அசைந்தால் அடி விழப்போவது இரண்டு இடத்தில். சாச்சியின் அறையில், இல்லாவிட்டால் அண்ணன் இறங்குகிற குழியில். அசைவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவன் நான்.

அந்த ஆற்றுப்பக்கச் சுவரில் எப்போதோ விழுந்த மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தது. முசே அதன் குறுக்கே வெள்ளைச் சாந்தில் கையகலப் பட்டை ஒன்று அப்பினார். அது காய்ந்தால் அப்பளம் மாதிரி. சுவர் துளி விலகினாலும் படீரென்று உடைந்துபோகும். சுவர் மறைக்கிறதை இது சொல்லிவிடும். முசே அதைத் 'தெமுவேன்' என்றார். கொத்தனார்கள் என்னைப் பார்த்தார்கள். படித்தவன் அல்லவா, நான் அர்த்தம் சொன்னேன்: சாட்சி.

எங்கள் ஊரில் எந்தக் கொத்தனார் சாட்சியைச் சாட்சி என்று சொல்வார்? வாயில் வந்தது சாச்சிதான். "ஆத்துப்பக்கச் சொவத்துல ஒரு சாச்சி வெச்சாச்சு" என்று ஒருவர் உரக்கச் சொல்ல, கதவுக்குப் பின்னாலிருந்து பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது. இருக்கிற சாச்சியையே சமாளிக்க முடியவில்லை, இதில் இன்னொன்றா என்று கல்யாணப் பெண் கேட்டது. சாச்சி வெளியே வந்து பட்டையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சட்டம் போட்டார்.

"எனக்கு 'ங்க' போடுங்க. அதுக்கு வேணாம். அது சுண்ணாம்பு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் இது பிசகாமல் நடந்தது. சாச்சி வந்தாங்க என்றால் இவர். சாச்சி இருக்கு என்றால் அது. நான் காலையும் மாலையும் பட்டையைப் பார்க்கப் போவேன். பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர் வாசலில் நின்று, "சாச்சி எப்புடி இருக்கு?" என்பார். நல்லா இருக்கு என்பேன். "அப்ப நானும் நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். விளையாட்டாகச் சொன்னாலும், என் பதில் வரும் வரைக்கும் அவர் உள்ளே போனதில்லை.

கல்யாணம் நெருங்கி வந்த சமயத்தில் கிணறு இறங்காமல் நின்றுவிட்டது. ஒரு பக்கம் மட்டும் எதன்மேலோ தட்டிக்கொண்டு நின்றது, மறுபக்கம் இறங்கப் பார்த்தது. முங்கிப் பார்த்தவர்கள் மரம் என்றார்கள். என்றைக்கோ வெள்ளத்தில் வந்து புதைந்த அடிமரம், இரும்பு வளையத்துக்குக் கீழே குறுக்கே கிடந்தது. தண்ணீருக்குள் மூச்சடக்கிக்கொண்டு அதை எவ்வளவு வெட்டிவிட முடியும்? நாள் போனதுதான் மிச்சம். கிணறு சாய்ந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் அதை நிமிர்த்தவே முடியாது, மேலே மழை வேறு வரப்போகிறது.

குத்தகைக்காரரின் எஞ்சினீயர் வெளியூர்க்காரர், மதராஸில் படித்தவர். கெட்ட மனுஷர் இல்லை. ஆட்களை அடா புடா என்று பேசமாட்டார். அவர் ஒரு யோசனை சொன்னார். வளையம் இப்போது களியில்தான் நிற்கிறது. களி தண்ணீரை விடாது. அது மூடி மாதிரி அடியில் இருக்கும்போது, தண்ணீரை இறைத்துவிட்டு ஆட்களை இறக்கி மரத்தை வெட்டிவிடலாம். உடனே தண்ணீரை நிரப்பிவிடலாம். களி எவ்வளவு கனம் என்று கம்பி இறக்கியும் பார்த்தார்கள். குத்திப் பார்த்த இடங்களில் போதிய கனம் இருந்தது. மரம் கிடக்கிற இடத்தில் கம்பி இறங்கவில்லை. "மரத்துக்கு அடியில என்ன இருக்குதுன்னு யாரு பாத்தா" என்று முசே கேட்டார்.  கேட்டாரே தவிர, வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

அன்று விடிந்ததிலிருந்து இறைக்கிற எஞ்சின் ஓடியது. பொழுது ஏறியபோது கிணற்றின் அடி தெரிந்தது. இத்தனை மாதமாக நாங்கள் யாரும் கண்ணால் பார்க்காத அடி. பச்சைக் களி, அதில் கரியாகக் கறுத்த மரம். எல்லாரும் விளிம்பில் கூடி நின்று எட்டிப் பார்த்தோம். அண்ணனும் இன்னும் மூன்று பேரும் கோடாலியும் ரம்பமுமாக நூலேணியில் இறங்கினார்கள். கீழேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்: "டேய் தொரை, இஞ்ச வந்து எழுதிக்க. நம்ம பாட்டனுக்குப் பாட்டன் நட்ட மரம் கெடக்கு." கிணற்றுக்குள்ளிருந்து வந்ததால் அவன் குரல் இரண்டு மடங்காகக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

நான் காலையிலேயே பட்டையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். முழுசாக இருந்தது. வீட்டு முற்றத்தில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள், பாத்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. நாகூர்ச் சமையல்காரர் அப்போதுதான் வந்து அடுப்புக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குப் புதுசு. கல்யாணத்துக்கு இடையில் இரண்டே நாள். சாச்சி வழக்கம்போலக் கேட்டார், நானும் வழக்கம்போலச் சொன்னேன்.

கோடாலிச் சத்தம் கேட்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகவில்லை. அப்போதுதான் சமையல்காரர் ஓடிவந்து அதைச் சொன்னார்.

அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் சாச்சி கொல்லைப்பக்கம் தலை சுற்றி விழுந்து, அண்ணன்தான் ஓடிப்போய்த் தூக்கிவந்து கட்டிலில் போட்டான். வைத்தியர் ரத்தக் கொதிப்பு என்று சொல்லியிருந்தார். கல்யாண வேலையில் மறுபடி விழுந்திருப்பார். வேறென்ன நினைப்போம்? விளிம்பில் நின்றவர் யாரோ கிணற்றுக்குள் குனிந்து, "சாச்சி விழுந்துட்டாங்களாம்" என்று சொன்னார். கோடாலிச் சத்தம் நின்றது. யாரும் ஏறச் சொல்லவில்லை. அண்ணன் முதலில் ஏறி வந்தான், பின்னாலேயே மற்ற மூன்று பேரும்.

எஞ்சினீயருக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் இறைக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கு நெஞ்சில் இருந்தது. ஓர் ஆள் போனால் போதாதா, மற்றவர்கள் மரத்தை வெட்டக் கூடாதா என்று கத்தினார்.

அண்ணன் நின்று பணிவாகத்தான் சொன்னான். "சாச்சி என்ன ஒல்லியாவா இருக்காங்க சார். கட்டிலோட தூக்குறதுக்கு நாலு பேரு வேணும். போயிட்டு ஒடனே வந்துடுறோம்."

காவல்காரர் படுக்கிற கயிற்றுக் கட்டிலை நான்கு பேரும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

முற்றத்துக்குள் நுழைந்தால் சாச்சி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, கயிறு கட்டுகிறவனை அதட்டிக்கொண்டு நிற்கிறார். எங்களைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார்.

"யாருக்குப்பா கட்டிலு?"

"ஒங்களுக்குத்தான்" என்றான் அண்ணன். வேறு என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எனக்கா? ஏன், நான் மவுத்தாயிட்டேன்னு யாரு சொன்னா?"

பந்தல்காரர்கள் சிரித்தார்கள், எங்களில் ஒருவனும் சிரித்துவிட்டான். அப்போது பெண்ணின் தாயார் உள்ளேயிருந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து, "நான் அந்தச் சாச்சியச் சொன்னேன் தம்பி" என்று ஆற்றுப்பக்கம் கையைக் காட்டினார். "விழுந்துடுச்சுன்னு போய்ச் சொல்லுங்கன்னுதான் அந்த ஆளுகிட்ட சொன்னேன்."

போய்ப் பார்த்தேன். பட்டை உடைந்திருக்கும், குறுக்கே ஒரு கீறல் இருக்கும் என்றுதான் நினைத்தேன். பட்டையே இல்லை. தரையில் வெள்ளைத் தூளாகக் கிடந்தது. வெடிப்பு வெடிப்பாக இல்லை. நான் விரலை வைத்தேன், விரல் உள்ளே போனது. கையை வைத்தேன், கையும் போனது. காலையில் பார்த்த சுவரா இது என்று அப்படியே நின்றேன். கண் பார்த்தது, மண்டைக்குள் எதுவும் ஓடவில்லை. என் காலடியில் தரை கிணற்றுப் பக்கமாகச் சரிந்திருந்தது. சரிவு இருப்பது பார்த்துத் தெரியவில்லை. நிற்கும்போது குதிகாலில் தெரிந்தது.

அண்ணனிடம் எல்லாரையும் தெருவுக்குக் கொண்டுபோ என்று மட்டும் சொன்னேன். எஞ்சினை நிறுத்தச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஞாபகம் இருந்தது. ஓடினேன். பாதி வழி போயிருப்பேன். அந்தச் சத்தம் வந்தது.

மணல் பொங்குறது என்று எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பால் பொங்குகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. பூமி ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு கிணற்றுச் சுவர் ஒரே குதியில் கீழே இறங்குகிற அதிர்ச்சி. நான் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின்காரர் எஞ்சினை விட்டுவிட்டுத் தூரத்தில் நின்றார். குழாய் தண்ணீருக்குப் பதில் சேற்றைக் கக்கிவிட்டுத் திணறி நின்றது. முசே மண்வெட்டியைத் தானே எடுத்து, ஆற்றுப்பக்கத்து வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார். ஆற்றுத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விட்டால்தான் மணல் அடங்கும். எஞ்சினீயரும் வெறும் கையால் மண்ணைத் தோண்டித் தள்ளினார். நான் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

அடி இல்லை. மரம் இல்லை. களி இல்லை. கிணற்றின் பாதி உயரத்துக்குச் சாம்பல் நிற மணல் நிரம்பி, அதன்மேல் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. நூலேணியின் மேல்பாதி மட்டும் தொங்கியது, கீழ்ப்பாதி மணலுக்குள் போயிருந்தது. அண்ணன் நின்று என்னைத் தொரை என்று கூப்பிட்ட இடத்தின்மேல் இப்போது பல ஆள் உயரத்துக்கு மணல். எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் சாச்சி வீட்டுப்பக்கம் இருக்கிறான் என்று தெரியும். தெரிந்தும் அந்த மணலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அதற்குள் அவனைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பி ஓடியபோது முற்றம் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. பந்தல்கால்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எல்லாரும் தெருவில் நின்றார்கள். சாச்சியும் தன் காலாலேயே நடந்து வெளியே வந்துவிட்டிருந்தார். வந்தவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய அறைச் சுவர் பிளந்து, அந்தப் பிளவு வழியாக ஆறு தெரிந்தது. முப்பது வருஷமாக அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது. கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே சாய்ந்தார். அண்ணனும் மற்றவர்களும் கொண்டுவந்த அதே கட்டிலில்தான் அவரைத் தூக்கிப் போட்டார்கள். நான்கு பேரும் தேவையாகத்தான் இருந்தது. கட்டில் தெருமுனை திரும்புவதற்குள் ஆற்றுப்பக்கத்து இரண்டு அறைகளும் ஓட்டோடு குழிக்குள் இறங்கிவிட்டன. பெரிய சத்தம்கூட இல்லை. புழுதிதான்.

யாருக்கும் உயிருக்குச் சேதமில்லை. வைத்தியர் வீட்டில் கண் விழித்த சாச்சி முதலில் கேட்டது கல்யாணப் பெண் வெளியே வந்ததா என்று. அடுத்ததாகக் கேட்டது தன் அறையை. அது போயிடுச்சு, நடுக்கூடம் இருக்கு என்று பெண்ணின் தாயார் சொன்னார்.

சமையல்காரரை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நான் விழுந்துடுச்சு என்றுதானே சொன்னேன், நீங்கள் ஏன் மாற்றினீர்கள் என்று பெண்ணின் தாயார் கேட்டார். அந்த மனுஷர் கரண்டியை இன்னமும் கையில் வைத்திருந்தார். அவருக்குப் புரியவில்லை. தன் வாயில் வந்த ஒரு மரியாதை எப்படி ஒரு வீட்டை இடித்தது என்று முழித்தார்.

"வூட்டுப் பெரியவங்கள வெளியாளுங்க முன்னாடி விழுந்துடுச்சுன்னு எப்புடிங்க சொல்றது? நான் மரியாதையாத்தானே சொன்னேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அவர் சரியாகச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? சாச்சி விழுந்துடுச்சு என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். உடனே எஞ்சினீயரிடம் சொல்லியிருப்பேன். பட்டை உடைந்தால் செய்ய வேண்டிய முறை ஒன்று உண்டு. முதலில் நான் போய்ப் பார்க்க வேண்டும், எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்துவந்து சொல்ல வேண்டும், அப்புறம்தான் முடிவு. முறைப்படி நான் ஒருவன்தான் போயிருப்பேன். ஒரு சுண்ணாம்புப் பட்டைக்காக யார் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு ஏறி வருவார்கள்? நான் சுவர்முன் நின்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் மரத்தை வெட்டிக்கொண்டிருந்திருப்பான். நான் அர்த்தம் தெரிந்து வைத்த சாட்சி சொன்னதைக் கேட்டு அவன் பிழைக்கவில்லை. தேத்தண்ணீர் கொடுத்த ஒரு பெண் விழுந்துவிட்டார் என்றதும் ஏறி வந்ததால் பிழைத்தான். இதை யோசிக்கத் தொடங்கினால் இன்றைக்கும் எனக்கு நினைப்பு நடுவில் எங்கேயோ அறுந்துபோகிறது.

அன்று சாயங்காலம் அண்ணனும் நானும் வீட்டுக்கு நடந்தோம். பழைய பாலத்தைத் தாண்டியதும், "கோடாலி உள்ள போயிடுச்சுடா" என்றான். கொஞ்ச தூரம் போய் மறுபடி அதையே சொன்னான். நல்ல கோடாலி, போன வாரம்தான் காம்பு மாற்றியது என்றான். போலகம் போய்ச் சேரும் வரைக்கும் அந்தக் கோடாலியைத் தவிர வேறு எதையும் பற்றி அவன் பேசவில்லை. அம்மா சோறு போட்டதும் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அன்று அவன் என்னைத் தொரை என்று கூப்பிடவில்லை.

கல்யாணம் குறித்த நாளில் தருமபுரத்தில் ஓர் உறவுக்காரர் வீட்டில் நடந்தது. அதே சமையல்காரர்தான் ஆக்கினார். கட்டில் தூக்கிய நான்கு பேரையும் என்னையும் முசேயையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் பந்திக்குப் போகாமல் நேரே அடுப்படிக்குப் போனான். சமையல்காரர் தன்னைத் திட்ட வந்திருக்கிறான் என்று எழுந்து நின்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். புகையில் இருவரும் அப்படி நின்றதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, வெளியே வந்துவிட்டேன்.

வேலை நிற்கவில்லை, பாலம் வேண்டுமே. கிணற்றில் தண்ணீரை நிரப்பி, சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பாரம் ஏற்றி நிமிர்த்தினார்கள். இனி எக்காரணத்தைக் கொண்டும் இறைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மரத்தைத் தண்ணீருக்குள் அறுக்கத் தெரிந்த ஆட்களை வெளியூரிலிருந்து கொண்டுவந்தார்கள். அண்ணனை மேலே பாரம் தூக்குகிற ராட்டினத்துக்கு மாற்றினார்கள். இடிந்தது போக மிச்சமிருந்த வீட்டை இழப்பீட்டுப் பணத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, பெண்ணின் தாயார் நடுக்கூடத்தைத் தடுத்துச் சாச்சிக்கு ஓர் அறை ஆக்கிக் கொடுத்தார். அந்தச் சுவர்களில் நான் மறுபடி பட்டை ஒட்ட வேண்டியிருந்தது.

எஞ்சினீயர் எங்களையெல்லாம் கூட்டி, சாச்சி என்ற பேச்சே இனி இருக்கக் கூடாது, வேறு பேர் வையுங்கள் என்றார். ஆள் ரொம்ப இளைத்திருந்தார். எல்லாரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்து, அத்தாட்சி என்று சொல்லலாம் என்றேன். கொத்தனார் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "அத்தாச்சி" என்றார். பிறகு மெதுவாக, "எங்க அண்ணன் பொண்டாட்டிய நாங்க அப்படித்தான் கூப்பிடுறோம் தம்பி" என்றார். முதலில் சிரித்தவர் எஞ்சினீயர்தான். அந்த விபத்துக்குப் பிறகு அந்த மேட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்து முடித்து, பட்டை என்றே சொல்லித் தொலையுங்கள் என்று போய்விட்டார். கணக்கில் பட்டை என்றுதான் எழுதினோம்.

ஆனால் அந்த வீட்டில் அந்த உத்தரவு செல்லவில்லை. புதுப் பட்டைகளை ஒட்டிவிட்டு நான் கை கழுவும்போது சாச்சி வந்து பார்த்தார். நடை தளர்ந்திருந்தது, குரல் மட்டும் தளரவில்லை. விரலால் பட்டையை லேசாகத் தொட்டார்.

"இனிமே இவங்களுக்கும் 'ங்க' போடு தம்பி" என்றார். "அன்னைக்கி இவங்க சொல்ல வேண்டியத சொல்லிட்டாங்க. நாமதான் ஒழுங்காக் கேக்கல."

நான் சரி என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

இப்போதும் காலையில் நான் அந்த வீட்டுக்குப் போய்விட்டுத்தான் கிணற்று மேட்டுக்கு வருகிறேன். அண்ணன் ராட்டினத்தில் கையை வைத்தபடி நிற்பான். மற்றவர்கள் தொடங்கினாலும் அவன் தொடங்கமாட்டான். நான் வரும் வரைக்கும் அவன் கண் வீட்டுப்பக்கமே இருக்கும்.

"சாச்சி எப்புடி இருக்காங்க?" என்பான்.

அவன் யாரைக் கேட்கிறான் என்று நான் கேட்டதில்லை. வாசலில் நிற்கிறவரையும் பார்த்து, சுவரில் இருப்பதையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

"நல்லா இருக்காங்க" என்பேன். அதற்கப்புறம்தான் அவன் ராட்டினத்தைச் சுற்றுவான்.